மூளைக்காய்ச்சலும் தடுப்பு ஊசியும்

(மங்கலம்பேட்டையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று இங்கு பேச வேண்டுமென்று நம்மை அழைத்த தோழர்கள், கொசுவினால் வரும் விஷ ஜுரங்களைப் பற்றியும், அவற்றைத் தடுப்பதற்கு மனிதன் கண்டுபிடித்துவரும் ஊசிகளைப் பற்றியும் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நாம் வைத்தியருமல்ல, ஆராய்ச்சிக்காரருமல்ல. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை அறிவைக்கொண்டு யோசித்துப் பார்த்து, சரி என்று பட்டதை உங்கள் முன் வைக்கிறோம். அவ்வளவுதான் நமது யோக்கியதை.

கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் இவ்வூர்த் தோழர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தோம். மூளைக்காய்ச்சலைப் பற்றி இப்பக்கத்தில் மூன்றுவிதமான பேச்சு நடப்பதாகச் சொன்னார்கள். ஒன்று, “இது தெய்வக் குற்றம், கூழ் ஊற்றினால் தீரும்” என்பது. இரண்டாவது, “பன்றி வளர்ப்பவர்களால்தான் இது வருகிறது, அவர்களை ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டும்” என்பது. மூன்றாவது, “தெருவிலுள்ள பிள்ளைகள் எல்லாம் ஊசி போட்டுக்கொண்டுவிட்டார்கள், நம் பிள்ளை ஒன்று போடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?” என்பது. இம்மூன்றுக்கும் பதில் சொல்வதே இன்றைய நமது பேச்சாகும்.

முதலில் இந்த நோய் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று பெயர். ஜப்பான் தேசத்தில் 1871-லேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1924-ல் அங்கு ஒரே பருவத்தில் 6,000 பேருக்கு மேல் இதனால் தாக்கப்பட்டார்கள். அதனால் அத்தேசத்தின் பெயர் இந்நோய்க்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் இது ஜப்பானியருக்கு மட்டும் சொந்தமானதல்ல. இந்தியாவில் இந்த நோய் முதன்முதல் அடையாளம் காணப்பட்டது எங்கே என்றால், காசியிலுமல்ல, டில்லியிலுமல்ல. நமது பக்கத்து வட ஆற்காடு ஜில்லா வேலூரிலேயாகும். அது 1955-ம் வருஷம். பிறகு 1981-ல் இதே தென்னாற்காடு ஜில்லாவில் இது கொள்ளைநோயாகக் கிளம்பிற்று. அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் மதுரையில் ஒரு மையமும், உங்கள் விருத்தாசலத்தில் ஒரு கள நிலையமும் வைத்துக்கொண்டு, இப்பக்கத்துக் கிராமங்களில் வருஷக்கணக்காக வயல்வயலாய்க் கொசு பிடித்து ஆராய்ந்தார்கள். ஆகவே உலகத்தில் இந்நோயைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தென்னாற்காடு என்ற பெயர் தெரியும். ஆனால் தென்னாற்காட்டில் இருக்கிற நமக்கு அந்த ஆராய்ச்சி தெரியாது. பக்கத்து ஊர்த் தேர் எந்தத் தேதியில் ஓடும் என்பது மட்டும் நன்றாய்த் தெரியும்!

அவர்கள் கண்டது என்ன? இந்நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் கிருமி. அது நாரை, கொக்கு முதலிய நீர்ப்பறவைகளின் உடம்பில் இருந்து வருகிறது. அப்பறவைகளைக் கடித்த கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் இரத்தத்தில் அக்கிருமி ஏராளமாய்ப் பெருகுகிறது. பன்றிக்கு அதனால் பெரும்பாலும் வெளிக்குத் தெரியும்படியான துன்பம் ஒன்றும் இல்லை. அந்தப் பன்றியைக் கடித்த கொசுக்கள் பிறகு மனிதனைக் கடித்தால் மனிதனுக்குக் கிருமி ஏறுகிறது. இந்தக் கொசு சாக்கடையில் பிறப்பதல்ல. நெல் வயலில் நிற்கும் தண்ணீரில் பிறப்பது. மாலை மயங்கியபின் கடிப்பது. இவ்வகைக் கொசு ஒன்றுக்கு தியோபால்ட் என்ற ஆராய்ச்சிக்காரர் 1901-ல் வைத்த பெயர் என்ன தெரியுமா? க்யூலெக்ஸ் விஷ்ணுயி! பாற்கடலில் பள்ளிகொண்டிருப்பவர் பெயரைத் தாங்கிய கொசு நம் வயல் தண்ணீரில் பள்ளிகொண்டிருக்கிறது. (சிரிப்பு) அதன் தம்பி போன்ற இன்னொரு வகைக் கொசு இதைவிட அதிகமாய் இந்தக் கிருமியைச் சுமக்கிறது.

கிருமி ஏறியவர்கள் எல்லோரும் நோயில் விழுவதில்லை. சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளை வீங்கிக் கடுங்காய்ச்சலும் வலிப்பும் வருகின்றன. ஆனால் அந்த ஒருவர் பெரும்பாலும் குழந்தையாக இருக்கிறது. அப்படி வந்தவர்களில் 100-க்கு 30 பேர் வரை சாகிறார்கள். பிழைத்தவர்களிலும் 100-க்கு 30 முதல் 50 பேர் வரை கை கால் முடங்கியோ, பேச்சு இழந்தோ, புத்தி மந்தித்தோ ஆயுள் முழுவதும் கஷ்டப்படுகிறார்கள். வந்துவிட்ட பிறகு கிருமியைக் கொல்லும்படியான மருந்து எதுவும் கிடையாது. ஜுரத்தைக் குறைப்பதும், வலிப்பை அடக்குவதும், மூச்சுக்கு உதவுவதும்தான் வைத்தியர்களால் செய்யக்கூடியது. ஆதலால் வருமுன் தடுப்பதைத் தவிர வேறு கதியில்லை.

இனி முதல் பேச்சுக்கு வருவோம். தெய்வக் குற்றம் என்கிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். வலிப்பு கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூசாரியிடம் ஓடி, திருநீறு போட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து, இரண்டு நாள் மூன்று நாள் கழித்து, மூச்சுத் திணறும்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறீர்களே, அந்த மூன்று நாளில் போன உயிருக்கு யார் ஜவாப்தாரி? பூசாரியா? அம்மனா? இருவரும் அல்ல; நம் அறியாமையே ஆகும். குழந்தையின் வயது என்ன? இரண்டு, மூன்று, ஐந்து. அந்த வயதுக் குழந்தை செய்த குற்றம் என்ன? குற்றமே செய்யத் தெரியாத உயிரைத் தண்டிக்கிறது ஒரு தெய்வம் என்று சொன்னால், அந்தத் தெய்வத்துக்கு நாம் செய்யும் அவமானத்தைவிட நீங்கள் செய்யும் அவமானமல்லவா அதிகம்?

உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தயவுசெய்து சட்டைக் கையைத் தூக்கித் தோளுக்குக் கீழே பாருங்கள். பெரும்பாலோருக்கு வட்டமாய் ஒரு வடு இருக்கும். அது அம்மை குத்திய வடு. உங்கள் பிள்ளைகளின் கையில் அந்த வடு இருக்கிறதா என்று பாருங்கள். இராது. ஏன்? வைசூரி என்னும் பெரியம்மை உலகத்திலேயே இல்லாமல் ஒழிந்துபோனதால் குத்துவதை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1975-ல். உலகத்தில் அற்றுப்போயிற்று என்று 1980-ல் விளம்பரம் செய்துவிட்டார்கள். நமது ராஜதானியில் கிண்டியில் 1899-ல் கிங் நிலையம் என்று ஒன்று ஏற்பட்டதே முக்கியமாக அந்த அம்மைப்பால் தயாரிப்பதற்காகத்தான். அந்தக் காலத்தில் அம்மை குத்த வந்தவனைக் கண்டால் ஆத்தாள் கோபித்துக்கொள்வாள் என்று குழந்தைகளைக் குதிருக்குள் ஒளித்து வைத்த ஊர்கள் எத்தனையோ. இன்று ஆத்தாள் கோவில் இருக்கிறது, கூழும் ஊற்றுகிறார்கள், ஆத்தாள் கொடுப்பதாகச் சொன்ன முத்து மாத்திரம் இல்லை. அதை நிறுத்தியது கூழா, பாலா என்பதை உங்கள் தோளிலுள்ள வடுவையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிற்க, பன்றியைப் பற்றிய இரண்டாவது பேச்சு மிகவும் விபரீதமானது. ஏனெனில் இது விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் ஜாதி வெறியாகும். பன்றியின் உடம்பில் கிருமி பெருகுகிறது என்று விஞ்ஞானிகள் சொன்னதில் பாதியை மாத்திரம் காதில் வாங்கிக்கொண்டு, “பார்த்தாயா, நாங்கள் அப்போதே சொன்னோம், அவர்கள் அசுத்தமானவர்கள்” என்று பேசுகிறார்கள். மீதிப் பாதியையும் கேளுங்கள். பன்றி ஒருவனுடையது. கொசு பிறப்பது வேறொருவனுடைய நெல் வயலில். கிருமியைக் கொண்டுவரும் கொக்கோ யாருக்கும் சொந்தமல்ல. இதில் பன்றி வைத்திருப்பவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவானேன்? பத்து ஏக்கர் வயலில் மாதக்கணக்காய்த் தண்ணீர் கட்டிக் கோடிக்கணக்கான கொசுவை வளர்க்கிறவரை ஊரைவிட்டு வெளியேறச் சொல்ல எந்தப் பஞ்சாயத்துக்காவது தைரியம் உண்டா? அவர் பெரிய குடித்தனக்காரர். பன்றி மேய்ப்பவன் ஏழை, கீழ்ஜாதி என்று சொல்லப்பட்டவன். நியாயம் இவ்வளவுதான்!

அன்றியும், இந்நோய்க்கு அதிகமாய் ஆளாகிறவர்கள் யார்? பன்றிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் குடிசையில் படுத்துறங்கும் அந்த ஏழைகளின் குழந்தைகள்தாம். நோயினாலும் சாக வேண்டும், நோய்க்குக் காரணம் என்று உதையும் வாங்க வேண்டும் என்றால் இது எந்த ஊர் நியாயம்? தஞ்சாவூர் ஜில்லாவில் இங்கு இருப்பதைவிட நெல் வயல் அதிகம், கொசுவும் குறைவில்லை. ஆயினும் அங்குள்ள கிராமத்துக் குழந்தைகளுக்கு இந்தக் கிருமி ஏறியது குறைவாகவே காணப்பட்டது. ஆராய்ந்தவர்கள் அதற்குச் சொன்ன காரணம், அங்கு பன்றிகளின் தொகைக்கு மாடுகளின் தொகை மிகமிக அதிகம் என்பதாகும். இக்கொசுவுக்கு மாட்டின் இரத்தத்தில்தான் ஆசை அதிகம். மாட்டின் உடம்பிலோ இக்கிருமி பெருகுவதில்லை. மாடு பசுத்தாயாக இருப்பதனால் அல்ல, கொசுவுக்கு அது ருசியாயிருப்பதனாலேயே இந்த நன்மை. எருமையானாலும் இப்படியே. ஆகவே செய்ய வேண்டியது மனிதனை விரட்டுவதல்ல. கொட்டிலை வீட்டுக்குத் தூரமாய் வைக்க ஊர்ப் பொது நிலத்தில் இடமும் பணமும் கொடுப்பதாகும். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல் விட்டுவிட்டுப் பாய்ச்சுவதாலும், வேப்பம் பிண்ணாக்கு கலந்த யூரியா இடுவதாலும் புழு குறைவதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பயிருக்கும் அதனால் நஷ்டமில்லை. இதைச் செய்ய வேண்டியவர் வயல்காரர்.

இனி மூன்றாவது பேச்சு. “எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், நம் பிள்ளைக்கு எதற்கு?” என்பது. தோழர்களே, இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏனெனில் இதைச் சொல்லுகிறவர் மூடரல்ல, படித்தவர். அம்மை, தட்டம்மை முதலிய நோய்கள் மனிதனிடமிருந்து மனிதனுக்கே தொற்றுபவை. ஆகவே ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால் கிருமிக்குப் போக வழியில்லாமல், போடாத ஒன்றிரண்டு பேரும் தப்பித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கை இங்கே போடாதீர்கள். மூளைக்காய்ச்சல் கிருமி மனிதனிடமிருந்து மனிதனுக்குப் போவதில்லை. நோய் கண்ட குழந்தையைக் கடித்த கொசுவுக்குக்கூட, அதன் இரத்தத்தில் போதிய கிருமி கிடைக்காததால், அதைப் பிறருக்குப் பரப்ப முடிவதில்லை. கிருமியின் இருப்பிடம் கொக்கும் பன்றியுமே. அவற்றுக்கு இங்கு யாரும் ஊசி போடுவதில்லை. ஆகவே இந்த மங்கலம்பேட்டையில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஊசி போட்டு, ஒரு குழந்தைக்கு மட்டும் போடாமல் விட்டால், அந்த ஆயிரம் ஊசியும் அந்த ஒரு குழந்தைக்குக் குடையாகாது. கிருமி வயலில் அப்படியே காத்துக்கொண்டிருக்கிறது. அவரவர் குடை அவரவருக்கே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறோம் என்றால், நோய் குறைந்துவிட்டது என்று கேட்டதும் நம் மக்களுக்குச் சோம்பல் வந்துவிடுகிறது. முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும். இரண்டாவது 16 மாதத்துக்கு மேல் 24 மாதத்துக்குள். முதல் ஊசி போட்ட அன்று குழந்தைக்கு இரவு ஜுரம் அடித்தது என்று இரண்டாவதுக்கு வராமல் இருந்துவிடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். ஊசி போட்டபின் ஒரு நாள் உடம்பு காய்வது, உடம்பிலுள்ள காவற்காரன் விழித்துக்கொண்டதற்கு அடையாளம். அதற்குப் பயந்து காவலைக் கலைத்துவிடலாமா?

இந்த ஊசியை எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொன்னால் பயம் கொஞ்சம் தெளியும். இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கிருமியைக் கொன்று அதன் பிணத்தை உடம்பில் ஏற்றுவது. போலீஸ் ஸ்டேஷனில் திருடன் படத்தை ஒட்டி வைப்பதுபோல. படம் திருடாது, ஆனால் காவற்காரனுக்கு முகம் அடையாளம் தெரிந்துவிடும். மற்றொன்று, கிருமியைக் கொல்லாமல் அதன் கொடுமையை மட்டும் போக்குவது. விவசாயிகளாகிய உங்களுக்குச் சுலபமாய்ச் சொல்லலாம், காளையைக் காயடிப்பதுபோல. கொம்பு, திமில் எல்லாம் அப்படியே இருக்கும். முரட்டுத்தனம் மட்டும் இராது.

முதல் வழியில் ஜப்பானியர்கள் சுண்டெலியின் மூளையில் கிருமியை வளர்த்து, அதைக் கொன்று ஊசியாக்கினார்கள். 1954-ல் அங்கு அது வழக்கத்துக்கு வந்தது. இரண்டாவது வழியில் சீனர்கள் போனார்கள். 1954-ல் சியான் என்ற ஊரில் கொசுப் புழுக்களிலிருந்தே எடுத்த கிருமியை, ஆம்ஸ்டர் என்னும் எலி போன்ற பிராணியின் சிறுநீரக அணுக்களில் நூறு தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்து, அதன் விஷத்தைப் போக்கினார்கள். அதற்கு எவ்வளவு காலம் பிடித்தது? 1988-ல்தான் அவர்கள் தேசத்தில் அனுமதி கிடைத்தது. முப்பத்துநான்கு வருஷம்! மந்திரத்தால் மாங்காய் விழ வைப்பவர்களுக்கு இந்தப் பொறுமை புரியாது. பிறகு நம் தேசத்திலும், கோலார்ப் பக்கத்தில் கண்டெடுத்த கிருமியைப் பூனாவிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து கொடுக்க, ஐதராபாத்திலுள்ள பாரத் பயோடெக் கம்பெனியார் குரங்கின் சிறுநீரக அணுக்களில் வளர்த்துக் கொன்று, ஜென்வாக் என்ற ஊசியை 2013-ல் வெளியிட்டார்கள்.

தோழர்களே! இங்கு ஒரு கணக்கை நீங்கள் கவனிக்க வேண்டும். ஜப்பானில் ஊசி வந்தது 1954. வேலூரில் நோய் கண்டது 1955. நமது குழந்தைகளுக்குச் சர்க்கார் பெருமளவில் ஊசி போட ஆரம்பித்தது எப்போது? 2006! அதுவும், 2005-ல் வடக்கே கோரக்பூர்ப் பக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், செத்துப் பத்திரிகைகளெல்லாம் கதறிய பிறகு. அதற்கு முன் கசௌலியில் சுண்டெலி மூளை ஊசியைச் சிறிய அளவில் செய்துகொண்டிருந்தார்கள் என்பது உண்மை. அது மூன்று தடவை போட வேண்டியது, விலை அதிகம், தேவைக்குப் போதாது. 2006-ல் சீனத்து ஊசியைத் தருவித்து 1 வயது முதல் 15 வயது வரையிலுள்ள குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்து, படிப்படியாய்த் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தார்கள். நடுவில் கழிந்தது ஐம்பத்தொரு வருஷம். இந்த ஐம்பத்தொரு வருஷத்தில் செத்த குழந்தைகளும், முடங்கிய குழந்தைகளும் யாருடையவை? வயலில் நாற்று நட்டவர்களுடைய, களை பறித்தவர்களுடைய குழந்தைகள். பங்களாவில் கண்ணாடி ஜன்னலுக்குள் உறங்கும் குழந்தைகளை இக்கொசு அதிகமாய்க் கடித்திருந்தால் இவ்வளவு காலதாமதம் ஆகியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். மஞ்சள் ஜுரம் என்று ஒரு நோய், ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ளது. அதுவும் கொசுவால் வருவதே. கியூபாவில் பின்லே என்பவர் 1881-லேயே கொசுதான் காரணம் என்றார். இருபது வருஷம் சிரித்தார்கள். 1900-ல் அமெரிக்கப் பட்டாளத்து வைத்தியர்கள் சோதித்துப் பார்த்து உண்மை என்றார்கள். அந்தச் சோதனைக் காலத்திலேயே லசியர் என்ற வைத்தியர் அந்த ஜுரத்தில் இறந்தார். பிறகு 1927-லும் 1928-லும் ஸ்டோக்ஸ், நொகுச்சி, யங் என்ற மூன்று ஆராய்ச்சிக்காரர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இதே நோயை ஆராயும்போது இதனாலேயே இறந்தார்கள். அங்கு அசிபி என்ற ஒரு ஆப்பிரிக்கரின் இரத்தத்திலிருந்து எடுத்த கிருமியைக் கோழிக் கருவின் அணுக்களில் வளர்த்து வளர்த்து, தைலர் என்பவர் 1937-ல் ஊசி கண்டுபிடித்தார். 1951-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அசிபிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இருக்கட்டும். அந்நோய் பட்டாளத்துச் சிப்பாய்களையும், பனாமாக் கால்வாய் வெட்டியவர்களையும், கப்பல் வியாபாரத்தையும் கெடுத்தது. ஆகவே பணமும் ஆளும் தாராளமாய்க் கிடைத்தன. ஏழைக் குடியானவன் குழந்தையின் நோய்க்கு அவ்விதம் கிடைப்பதில்லை. இது விஞ்ஞானத்தின் குற்றமல்ல. விஞ்ஞானத்தின் பணப்பெட்டிச் சாவியை வைத்திருப்பவர்களுடைய குற்றம்.

இவ்வளவு சொல்லுவதால், ஊசி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுங்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சாமியை விட்டுவிட்டு ஊசியைச் சாமியாக்கிக்கொண்டால் அதனால் நமக்கு என்ன லாபம்? ஊசியிலும் தப்பு நேர்ந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. 1942-ல் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போட்ட மஞ்சள் ஜுர ஊசியில், கெடாமலிருக்கச் சேர்த்த மனித இரத்த நீரில் காமாலைக் கிருமி இருந்துவிட்டதால், சுமார் 50,000 பேர் காமாலையில் விழுந்தார்கள். கண்டுபிடித்தார்கள், இரத்த நீர் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஜப்பானில் சுண்டெலி மூளை ஊசியால் ஒரு பிள்ளைக்கு நரம்பு வியாதி வந்திருக்கலாம் என்று சந்தேகம் தோன்றியதும் 2005-ல் அதைச் சிபாரிசு செய்வதை நிறுத்தி, வேறு முறையில் செய்த ஊசிக்கு மாறினார்கள். சிக்குன்குனியாவுக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு ஊசிக்கு, கெடுதல்கள் தெரியவந்ததும் 2025-ல் அந்த அனுமதியை நிறுத்தி வைத்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் டெங்கு ஜுரத்தைப் பற்றியது. டெங்குக் கிருமி ஒன்றல்ல. நான்கு அண்ணன் தம்பிகள். ஒருவனுக்கு எதிராக உடம்பில் ஏற்பட்ட காவல், வேறொரு தம்பி வரும்போது அவனைத் தடுப்பதற்குப் பதிலாகச் சில சமயம் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனாலேயே இரண்டாந்தடவை வரும் டெங்கு முதல் தடவையைவிடக் கொடிதாகிறது. ஆகவே நால்வரையும் ஒருங்கே தடுக்கும் ஊசி வேண்டும். சனோபி என்ற பிரெஞ்சுக் கம்பெனியார் டெங்வாக்சியா என்ற ஊசியைச் செய்து 2015-ல் அனுமதி பெற்றார்கள். பிலிப்பைன்ஸ் தேசத்தில் 2016 முதல் 8 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டார்கள். 2017 நவம்பரில் அந்தக் கம்பெனியாரே, முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு இந்த ஊசி போட்டால் பிற்பாடு வரும் டெங்கு கடுமையாகலாம் என்று வெளியிட்டார்கள். அதாவது ஊசியே முதல் ஜுரம்போல் ஆகிவிடுகிறது. ஜனங்கள் கொதித்தார்கள், சர்க்கார் நிறுத்திற்று. அதன் பலன் அதோடு நிற்கவில்லை. எல்லா ஊசியின் மேலும் நம்பிக்கை போயிற்று. தட்டம்மை ஊசியையும் வேண்டாமென்றார்கள். 2019-ல் அங்கு தட்டம்மை கொள்ளைநோயாய்க் கிளம்பிக் குழந்தைகள் மாண்டார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? அவசரப்பட்டு, முழு உண்மை தெரியுமுன் போட்டது ஒரு தப்பு. அந்த ஒரு ஊசியின் தப்புக்காக எல்லா ஊசியையும் தள்ளியது இன்னொரு தப்பு. ஒரு மாம்பழம் புளித்தது என்று தோப்பையே வெட்டுவார் உண்டா? அந்தத் தப்பை வெளியிட்டதும் ஆராய்ச்சிதான் என்பதை மறந்துவிடக்கூடாது. எந்தக் கோவில் பூசாரியாவது, “சென்ற வருஷம் நாங்கள் கட்டிய தாயத்து பலிக்கவில்லை, கட்டிக்கொண்டவர்கள் இத்தனை பேர், செத்தவர்கள் இத்தனை பேர், ஆகவே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்” என்று விளம்பரம் செய்ததுண்டா? அறிவுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள பேதம் இதுதான். அறிவு தப்பு செய்யும். ஆனால் எண்ணிப் பார்க்கும், ஒப்புக்கொள்ளும், திருத்திக்கொள்ளும். நம்பிக்கை எண்ணிப் பார்ப்பதே கிடையாது.

டெங்குவுக்கு ஜப்பானியக் கம்பெனியான டகேடா செய்த வேறொரு ஊசியை உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் ஏற்றுக்கொண்டது. நம் தேசத்தில் பனேசியா பயோடெக் கம்பெனியார், அமெரிக்கச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் பக்குவப்படுத்திய நான்கு கிருமிகளைக் கொண்டு டெங்கிஆல் என்ற ஊசியைத் தயாரித்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து 2024 ஆகஸ்டில் ரோத்தக்கில் ஆரம்பித்து, 19 இடங்களில் 10,335 பேருக்கு அதைச் சோதித்துப் பார்க்கத் திட்டமிட்டார்கள். சிலருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி என்ற மாதிரி, யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் போட்டுக்கொள்பவருக்கும் தெரியாமல் போட்டு, இரண்டு வருஷம் கவனித்து, பிறகு எண்ணிப் பார்க்கும் முறை அது. மெதுவான முறைதான். ஆனால் பிலிப்பைன்ஸ் பாடத்தைப் படித்தவர்கள் மெதுவாய்த்தான் போக வேண்டும்.

ஒருவர் கேட்கலாம்: “டெங்கு ஊசியில் தப்பு வந்ததே, மூளைக்காய்ச்சல் ஊசியை மட்டும் எப்படி நம்புவது?” நியாயமான கேள்வி. பதில் இது: டெங்குவுக்குக் கிருமி நான்கு, அதனால் அந்தச் சிக்கல். மூளைக்காய்ச்சல் கிருமிக்கு அப்படி ஒன்றை ஒன்று அழைத்துக்கொண்டு போகும் நான்கு தம்பிகள் இல்லை. அன்றியும் சீனத்து ஊசி 1988 முதல் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போடப்பட்டு, 2013-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தாலும் பரிசோதித்து ஏற்றுக்கொள்ளப்பட்டது. கேள்வி கேளுங்கள்; கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகும் கேள்வியையே சாக்காக வைத்துக்கொண்டு குழந்தையைக் காட்டாமல் இருக்காதீர்கள்.

ஆகவே தோழர்களே, முடிவாய் நாம் சொல்லிக்கொள்ளுவது இவைதான். 9 மாதத்துக் குழந்தைக்கும் 16 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கும் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாயிற்றா என்று இன்றைக்கே வீட்டிற்குப் போய் அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. ஜுரத்தோடு வலிப்பு கண்டால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழியில் எந்தக் கோவிலிலும் இறங்க வேண்டாம். மாலையில் குழந்தைகளுக்குக் கொசுவலை கட்டுங்கள். பன்றி வளர்ப்பவர்களை விரட்ட வேண்டும் என்று யாராவது பஞ்சாயத்துக் கூட்டினால், கொட்டிலுக்கு இடம் எங்கே, வயல் தண்ணீரை வடிப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளை எழுந்து நின்று கேளுங்கள். அவர்கள் குழந்தைகளுக்கு ஊசி போட்டாயிற்றா என்பதை மூன்றாவதாகக் கேளுங்கள். ஏனென்றால் ஊரிலேயே முதலில் அந்தக் குடை வேண்டியது அந்தக் குழந்தைகளுக்குத்தான்.

சர்க்காருக்கும் நாம் ஒன்று சொல்லுகிறோம். ஐம்பத்தொரு வருஷம் தாமதித்த குற்றத்தை இன்னொரு தடவை செய்ய வேண்டாம். டெங்கு ஊசி சோதனையில் தேறி வருமானால், பணக்கார ஆஸ்பத்திரிகளில் விலைக்கு விற்று முடிந்தபின் கிராமத்துக்கு வருவதாக இருக்கக்கூடாது.

நாம் சொன்னதை, நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வைத்தியரைக் கேளுங்கள்; படித்த பிள்ளைகளைக் கேளுங்கள்; உங்கள் தோளில் இருக்கும் வடுவைத் தொட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் அறிவு என்ன சொல்லுகிறதோ அதன்படி நடவுங்கள்.